கார் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்வது ஏன்? தேய்மானத்தின் வடிவத்தைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

டயரின் உள் ஓரம் வழவழப்பாகிவிட்டிருக்க, வெளி ஓரத்தில் மட்டும் பள்ளங்கள் ஆழமாக மிஞ்சியிருந்தால், "வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களின் ஒழுங்கு) போய்விட்டது" என்ற முடிவுக்கே பெரும்பாலோர் முதலில் வருகிறார்கள். அலைன்மென்ட் சரிசெய்து புது டயரும் மாட்டிய பிறகு, சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே இடம் மறுபடி தேயத் தொடங்கும்போது குழப்பம் பிறக்கிறது. ஒரு மெக்கானிக், சக்கரத்தின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரைக் குறை கூறுகிறார். மற்றொருவர் காற்றழுத்தத்தைக் காட்டுகிறார். டயரே தரமற்றது என்று சொல்பவரும் உண்டு. இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு காரணமும் டயரில் தனக்கே உரிய வடிவில் தடயம் விடுகிறது என்பதால், அலைன்மென்ட் இயந்திரத்தில் காரை ஏற்றுவதற்கு முன்பே சந்தேகப்பட்டியலைப் பெருமளவு சுருக்கிவிட முடியும்.

வழக்கமான தேய்மானம் எது?

சாலையைத் தொடும் ரப்பர்ப் பகுதியே ட்ரெட். புதிய கார் டயரில் அதன் பள்ளங்கள் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பள்ளங்களின் அடியில் குறுக்காக ஓடும் சிறு மேடுகள் தேய்மானக் குறிகள் ஆகும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. ட்ரெட் அந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டால் டயரின் ஆயுள் சட்டப்படியே முடிந்தது என்று பல நாடுகளின் விதிகள் கூறுகின்றன. ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் திறனோ அதற்கு வெகு முன்பே, சுமார் 3 மி.மீ. அளவிலேயே, கண்கூடாகக் குறையத் தொடங்குகிறது.

முன்சக்கர இயக்கக் கார்களில் முன் டயர்கள் பின் டயர்களைவிட விரைவாகத் தேய்வது கோளாறு அன்று. திருப்புதல், இழுத்தல், பிரேக்கின் பெரும்பங்கு ஆகிய மூன்றையும் அவையே சுமக்கின்றன. ஒரே டயருக்குள் இடத்துக்கு இடம் ஆழம் மாறுவதும், ஒரே ஆக்சிலில் (முன் அல்லது பின் சக்கர இணையில்) உள்ள இரண்டு டயர்கள் வெவ்வேறு விதமாகத் தேய்வதுமே இங்கு சீரற்ற தேய்மானம் எனப்படுகின்றன.

ஊகத்துக்கு முன் அளவு

கண்ணால் பார்ப்பது போதாது. முன் டயரின் உள் ஓரத்தை ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினால் பார்த்துவிடலாம். பின் டயரின் உள் ஓரம் காருக்கு அடியில் மறைந்தே இருக்கும். வெளியிலிருந்து பார்க்க நன்றாகத் தெரியும் பின் டயரில், உள் ஓரம் எஃகுக் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருப்பது அரிய நிகழ்வன்று. ஆகவே பின்வரும் வரிசையில் தொடங்குவது நல்லது.

1. ட்ரெட் ஆழம் அளக்கும் கருவியால் ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் ஆகிய மூன்று இடங்களில் அளக்க வேண்டும். சக்கரத்தைச் சிறிது சிறிதாக உருட்டி, சுற்றளவில் குறைந்தது மூன்று இடங்களிலாவது இதைத் திரும்பச் செய்ய வேண்டும். தேய்மானக் குறியின் மீது கருவியை வைத்துவிடக் கூடாது.

2. உள்ளங்கையை ட்ரெட்டின் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளேயும் உள்ளிருந்து வெளியேயும், மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு சுற்றளவின் போக்கிலும் அவ்வாறே இரு திசைகளில் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கூர்மையைக் கை உணர்ந்துவிடும். கம்பி வெளிப்பட்டிருக்கும் டயரில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், கை கிழிந்துவிடும்.

3. கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, டயர் குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம் பார்க்க வேண்டும்.

4. டயர்கள் கடைசியாக எப்போது இடம் மாற்றப்பட்டன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேய்மானம் கடந்த காலத்தின் பதிவு. இன்று முன் இடப்பக்கம் இருக்கும் டயர், தன் தேய்மானத்தைப் பின் வலப்பக்கத்திலிருந்து கொண்டுவந்திருக்கலாம். இதைக் கேட்காமல் விட்டால் ஆராய்ச்சி முழுவதும் தவறான சக்கரத்தில் நடக்கும்.

அளவுகள் கையில் கிடைத்ததும் மூன்று கேள்விகள் எழ வேண்டும். ஆழம் ட்ரெட்டின் குறுக்கே மாறுகிறதா, சுற்றளவின் போக்கில் மாறுகிறதா? தேய்ந்த பரப்பு வழவழப்பாக உள்ளதா, ஒரு திசையில் கூர்மையாக உள்ளதா? கோளாறு ஒரு டயரில் மட்டும் உள்ளதா, அதே ஆக்சிலில் எதிர்ப்பக்க டயரிலும் உள்ளதா?

இரு ஓரமும், அல்லது நடு மட்டும்: காற்றழுத்தம்

அழுத்தம் குறைந்த டயரில் நடுப்பகுதி சற்று உள்வாங்கி, எடையை இரு ஓரங்களும் தாங்குவதால் அவை இரண்டும் தேய்கின்றன. அழுத்தம் மிகுந்தால் நடு உப்பி, அங்கே தேய்கிறது. பாடநூல் விளக்கம் இவ்வளவே. எனினும் இரண்டு திருத்தங்கள் தேவைப்படுகின்றன. இன்றைய ரேடியல் டயர்களில் எஃகுப் பட்டைகள் ட்ரெட்டைத் தட்டையாகப் பிடித்து வைத்திருப்பதால், சில பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடுதலாக இருந்தாலே நடு தேய்ந்துவிடும் என்பது இப்போது அவ்வளவாகப் பொருந்தாது. மேலும், வளைவுகளில் வேகமாகத் திரும்பும் பழக்கமும், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து அடிக்கடி நிறுத்தி எடுப்பதும், அழுத்தம் சரியாக இருந்தாலும் முன் டயர்களின் ஓரங்களைத் தேய்க்கும். அழுத்தம் சரியாக உள்ள காரில் முன் டயர்களின் ஓரங்கள் மட்டும் தேய்ந்து, பின் டயர்கள் சீராக இருந்தால், ஓட்டும் முறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரியான அழுத்தம் எது என்பதிலும் தவறு நேர்கிறது. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. காருக்குப் பொருந்தும் அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ குறையும். டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்புவதும் போதாது: அழுத்தம் 20 முதல் 25 விழுக்காடு வரை இறங்கிய பிறகு எரிந்தால் போதும் என்பதே அந்த விளக்குக்கான விதிகளின் எதிர்பார்ப்பு. 10 விழுக்காடு குறைவில் மாதக்கணக்கில் ஓடும் டயரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

ஒரே ஓரம், வழவழப்பாக: கேம்பர்

காரை முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதே கேம்பர். சக்கரத்தின் மேற்பகுதி காரை நோக்கிச் சாய்ந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளிப்புறம் சாய்ந்தால் பாசிட்டிவ் கேம்பர். முதலாவது உள் ஓரத்தையும் இரண்டாவது வெளி ஓரத்தையும் தேய்க்கும். தேய்ந்த பரப்பு ஒரு சரிவுபோல், எந்தத் திசையில் தடவினாலும் வழவழப்பாக இருப்பது இதன் அடையாளம்.

வளைவில் பிடிப்புக் கிடைப்பதற்காகப் பல கார்களில் சிறிதளவு நெகட்டிவ் கேம்பர் வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. அதனால் மட்டும் வரும் தேய்மானம் மெதுவானது. சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே உள் ஓரம் கரைந்துபோனால் கேம்பரை மட்டும் குற்றஞ்சாட்டுவது பெரும்பாலும் தவறு. கேம்பர் எடையை உள் ஓரத்தில் குவிக்க, அந்த ஓரத்தைத் தேய்க்கும் வேலையை, அடுத்துப் பார்க்கவிருக்கும் டோ என்ற திசைக்கோணம் செய்திருக்கும்.

கேம்பர் தானாக மாறிவிடுவதும் இல்லை. அதற்கு ஏதாவது வளைந்திருக்க வேண்டும், தளர்ந்திருக்க வேண்டும், அல்லது தாழ்ந்திருக்க வேண்டும். குழியில் விழுந்தோ நடைபாதை விளிம்பில் மோதியோ லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கும் கை) அல்லது ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் அடங்கிய தூண்) வளைந்திருக்கலாம். சுருள் வில் தளர்ந்து கார் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். வழக்கமாக அதிக எடை ஏற்றப்படும் காரில், உடல் தாழும்போது நெகட்டிவ் கேம்பர் கூடுவது தனிச்சக்கர சஸ்பென்ஷன்கள் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புகள்) பலவற்றின் இயல்பு.

ஒரே ஓரம், ரம்பப் பல்போல்: டோ

காரை மேலிருந்து பார்ப்பதாகக் கொண்டால், இரு சக்கரங்களின் முன்முனைகளும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருப்பது டோ-இன். விலகித் திரும்பியிருப்பது டோ-அவுட். சக்கரம் ஒரு திசையை நோக்க, கார் அதை வேறொரு திசையில் இழுத்துச் செல்வதால், ட்ரெட் சாலையில் பக்கவாட்டாக உரசிக்கொண்டே போகிறது. டயர் தேய்மானத்தில் மிகக் கடுமையான பகைவன் இதுவே.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். சக்கரம் நேர்த்திசையிலிருந்து 1 டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அது ஏறத்தாழ 17.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கண்ணால் அறியவே முடியாத 0.2 டிகிரி விலகலுக்கு இது கிலோமீட்டருக்கு 3.5 மீட்டர்; 10,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் 35 கிலோமீட்டர். இதில் ஒரு பகுதியை ரப்பரின் நெகிழ்வு ஏற்றுக்கொள்ளும் என்றாலும், மிச்சம் ட்ரெட்டிலிருந்துதான் கழிகிறது.

இந்த உரசல் ட்ரெட்டின் ஒவ்வொரு வரியிலும் (பள்ளங்களுக்கு இடையிலான ரப்பர் வரிசையிலும்) ஒரு விளிம்பை மழுக்கி, மறு விளிம்பைக் கூராக விடுகிறது. மிகையான டோ-இன் வெளி ஓரத்தை முதலில் தேய்ப்பதோடு, கூர்விளிம்புகளைக் காரின் உட்புறம் நோக்கி விடும். அதனால் வெளியிலிருந்து உள்ளே தடவினால் கை வழுக்கிச் செல்லும், உள்ளிருந்து வெளியே தடவினால் பூனையின் ரோமத்தை எதிர்த்துத் தடவியதுபோல் தடுக்கும். டோ-அவுட் உள் ஓரத்தைத் தேய்த்து, கூர்விளிம்புகளை வெளிப்புறம் நோக்கி விடும்.

ஒரு டயரா, இரண்டா என்ற கேள்வி இங்கேதான் பயன்படுகிறது. முன் சக்கரங்களின் டோ மொத்தமாகத் தவறியிருந்தால், கார் நேராக ஓடும்போது அந்தத் தவறு இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டுவிடும். ஒரு பக்க டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) மட்டும் வளைந்திருந்தாலும் அப்படித்தான். ஸ்டியரிங் வளையம் சற்றுக் கோணலாக நிற்குமே தவிர, தேய்மானம் இரு டயர்களிலும் வரும். ஆகவே முன் ஆக்சிலில் ஒரே டயர் மட்டும் ஒரு ஓரம் தேய்ந்திருந்தால், அந்தச் சக்கரத்தின் கேம்பரையும் அங்குள்ள பாகங்களையும் முதலில் பார்ப்பதே முறை. பின் ஆக்சிலில் நிலைமை வேறு: அங்கே தவறை ஈடுசெய்ய ஸ்டியரிங் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் நோக்கினால், கார் சற்றுக் குறுக்காக ஓட, ஓட்டுநர் முன்சக்கரங்களைத் திருப்பி அதைச் சமன்செய்வார்.

சுற்றளவின் போக்கில் மேடுபள்ளம்

ஆழம் குறுக்கே சீராக இருந்து, சுற்றளவின் போக்கில் ஏறி இறங்கினால் அலைன்மென்ட் முதன்மைச் சந்தேகமாக இருப்பதில்லை. இதில் மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

1. திட்டுத்திட்டாகக் குழிகள் (கப்பிங்): சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியதன் அடையாளம். செயலிழந்த ஷாக் அப்சார்பர், சரிசெய்யாத வீல் பேலன்ஸிங் (சக்கரத்தின் எடைச் சமன்), தளர்ந்த பேரிங் (சக்கரம் சுழல உதவும் பாகம்) அல்லது புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை) ஆகியவை காரணமாகலாம். காரின் மூலையை அழுத்திவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் சோதனை, முற்றிலும் கெட்டுப்போன ஷாக் அப்சார்பரைத்தான் காட்டிக்கொடுக்கும். அதன் உடலில் எண்ணெய்க் கசிவு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

2. ஒவ்வொரு ரப்பர்க் கட்டியிலும் ஒரு முனை உயர்ந்து மறுமுனை தாழ்ந்திருத்தல்: இயக்கப்படாத சக்கரங்களில், குறிப்பாக முன்சக்கர இயக்கக் கார்களின் பின் டயர்களில், இது மிகுதி. டயர்களை இடம் மாற்றாமல் நெடுந்தொலைவு ஓட்டுவதும் பின்சக்கர டோ தவறியிருப்பதும் இதை வளர்க்கும்.

3. ஒரே இடத்தில் தட்டையான தேய்வு: சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிரேக் அழுத்தப்பட்டதன் வடு.

முதல் இரண்டும் ஓட்டத்தில் ஒருவித இரைச்சலைத் தருவதால், பேரிங் போய்விட்டது என்று எண்ணி நல்ல பேரிங்கைக் கழற்றுபவர்கள் உண்டு. சாலைப் பரப்பு மாறும்போது ஒலி மாறினால் டயரையும், வளைவில் ஒரு பக்கம் எடை ஏறும்போது ஒலி கூடிக் குறைந்தால் பேரிங்கையும் சந்தேகிக்கலாம். முன், பின் டயர்களை மாற்றிப் போட்டதும் இரைச்சலும் இடம் மாறினால் சந்தேகம் தீர்ந்தது.

அலைன்மென்ட் சரியாக இருந்தும் தேய்வது எப்படி?

அலைன்மென்ட் இயந்திரம் நிற்கும் காரை அளக்கிறது. டயரோ ஓடும் காரில் தேய்கிறது. பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), டை ராட் எண்ட் (டை ராடின் முனை மூட்டு), லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றில் தளர்வு இருந்தால், அளக்கும்போது சக்கரம் ஒரு நிலையிலும், பிரேக் பிடிக்கையில் இன்னொரு நிலையிலும் இருக்கும். திரையில் எல்லா எண்களும் பச்சையாகத் தெரிய, சாலையில் டோ ஒவ்வொரு பிரேக்குக்கும் மாறிக்கொண்டிருக்கும். தளர்வைச் சோதிக்காமல் கோணத்தைத் திருத்துவது வீண்செலவு என்பதே இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

சோதனை எளிது. ஜாக்கால் உயர்த்திய காரை உறுதியான தாங்கியின் மீது நிறுத்திய பிறகு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் தளர்வு பேரிங்கையோ பால் ஜாயின்டையோ காட்டும். மற்றொருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது அந்த ஆட்டம் மறைந்தால் குற்றவாளி பேரிங். முன்சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்வு தெரிந்தால் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். புஷ் கிழிந்திருப்பது கையாட்டத்தில் தெரியாமல் போகலாம். அதற்குக் காரை லிப்ட்டில் ஏற்றி, நெம்புகோலால் தள்ளிப் பார்க்கும் மெக்கானிக் தேவை.

அதன் பிறகு எடுக்கும் அறிக்கையில் கவனிக்க வேண்டியவை:

1. திருத்தத்துக்கு முந்தைய அளவுகள். பழுதைக் காட்டிக்கொடுப்பவை இவையே. பிந்தைய அளவுகளை மட்டும் அச்சிட்டுத் தந்தால் முந்தையவற்றையும் கேட்டுப் பெற வேண்டும்.

2. இட, வலக் கேம்பர் வேறுபாடு. பல முன்சக்கர இயக்கக் கார்களில் கேம்பரைத் திருத்த ஆணியே கிடையாது. ஒரு பக்கம் மட்டும் வரம்பு மீறியிருந்தால் வளைந்த பாகத்தைத் தேட வேண்டும்.

3. பின்சக்கர டோவும், பின் ஆக்சில் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைக் காட்டும் த்ரஸ்ட் கோணமும். பின்பக்கத்தை அளக்காமல் முன்பக்கத்தை மட்டும் திருத்தினால் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கக்கூடும்.

காஸ்டர் கோணத்தைப் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சின் சாய்வு) பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கார் ஒரு பக்கம் இழுப்பதற்கு அது காரணமாகலாம். நேர் ஓட்டத்தில் டயரை அது அவ்வளவாகத் தேய்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு காரின் முன் டயர்களில் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்ற வரிசையில் இடப்பக்கம் 2.8, 4.9, 5.1 மி.மீ., வலப்பக்கம் 4.8, 5.0, 5.0 மி.மீ. இருப்பதாகக் கொள்வோம். சுற்றளவில் வேறுபாடு இல்லை, டயர்கள் இடம் மாற்றப்படவில்லை, தடவினால் வழவழப்பு. இரு ஓரமும் தேயாததால் காற்றழுத்தம் விலகுகிறது. வலப்பக்கம் நலமாக இருப்பதாலும் கூர்விளிம்பு இல்லாததாலும் மொத்த டோ விலகுகிறது. மிஞ்சுவது இடப்பக்கக் கேம்பர். பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், சுருள் வில் என்ற வரிசையில் அந்த ஒரு மூலையைச் சோதித்தால் போதும். இதே காரில் இரு டயர்களின் உள் ஓரமும் 2.8 என இருந்து, உள்ளே போகும் கையைக் கூர்விளிம்பு தடுத்திருந்தால், விசாரணை டை ராட் எண்டிலும் புஷ்ஷிலும் தொடங்கியிருக்கும்.

தேய்ந்த டயரை வைத்துக்கொள்ளலாமா?

நடுவில் 5 மி.மீ. மிஞ்சியிருப்பது ஆறுதல் தரக்கூடாது. டயரின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் மிகக் குறைந்த ஆழமே. தேய்ந்த ஓரத்தில் நீரை வெளியேற்றப் பள்ளம் இல்லாததால், மழையில் அந்தப் பகுதி நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. எஃகுக் கம்பி வெளிப்பட்ட டயரில் ஈரம் உள்ளே சென்று பட்டை துருப்பிடிக்கும். வேகத்தில் டயர் பிரிந்து வெடிக்கும் வாய்ப்பும் உண்டு. அத்தகைய டயரை அன்றே கழற்றிவிட வேண்டும். நான்கு சக்கர இயக்கக் கார்களில் மற்றொரு சிக்கல்: டயர்களின் சுற்றளவு வேறுபட்டால் இயக்கக் கட்டமைப்பில் தேவையற்ற இழுவிசை ஏறுவதால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் வேறுபாட்டைப் பார்த்தே ஒற்றை டயரை மாற்ற வேண்டும்.

ஆழம் இன்னும் போதுமானதாக உள்ள டயரை, காரணத்தை நீக்கிய பிறகு, இடம் மாற்றிப் பயன்படுத்தலாம். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் நேராகப் பின்னுக்கும், பின் டயர்கள் குறுக்காக முன்னுக்கும் செல்லும். சுழல்திசை அம்புக்குறி உள்ளவற்றை அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டுமே மாற்ற முடியும். வழக்கமான இடமாற்றத்துக்கு 8,000 முதல் 10,000 கிலோமீட்டர் பொருத்தமான இடைவெளி. ஆனால் மாதக்கணக்கில் விழுந்த வடிவம் ஒரே நாளில் அழியாது. குழிவிழுந்த டயர் புதிய ஷாக் அப்சார்பரிலும் சில காலம் இரையும். பழுது உண்மையாகவே தீர்ந்ததா என்பதை அந்த ஒலியைக் கொண்டு முடிவு செய்யாமல், 2,000 அல்லது 3,000 கிலோமீட்டர் ஓடிய பின் அதே இடங்களில் மீண்டும் அளந்து, உள் ஓரமும் வெளி ஓரமும் இப்போது ஒரே வேகத்தில் குறைகின்றனவா என்று பழைய அளவுகளோடு ஒப்பிட வேண்டும்.